கேட்காமல் வைத்த கை

நான் ஷெஃபீல்டில் பேருந்து ஓட்டுகிறேன். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் வண்டி முழுவதும் தெரியும். இருவர் உட்காரும் இருக்கை ஒவ்வொன்றிலும் ஒருவர், சன்னலோரமாக. பக்கத்து இடத்தில் அவருடைய பை. அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர் அந்தப் பைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூட்டுவலிக்காரராக இருந்தாலும் நிற்பார். பையை எடுங்கள் என்று அவர் கேட்கமாட்டார். உட்காருங்கள் என்று பைக்காரரும் சொல்லமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்கில் சொல்லிப் பார்த்தேன், இடம் இருக்கிறது, உட்காருங்கள் என்று. ஒருவரும் அசையவில்லை. இறங்கும்போது ஒரு பெரியவர் மட்டும், "நான் நல்லாத்தான் இருக்கேன், லவ்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் முன்பின் தெரியாத பெண்ணையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் அவ்வளவு நெருக்கம். தோளோடு தோள் பட்டால்தான் பதறுவார்கள்.

இவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டியவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள், அவர்களிடமும் வருகிறேன். இந்த ஊரில் ஒரு கிளப்பில் இருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். நான் செய்தது, ஒருவன் ஆடிக்கொண்டிருந்த மெஷினில் கேட்காமல் கை வைத்தது. ஒரு சாரி சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இங்கே இருக்கும் தமிழர்களும் கேட்கிறார்கள், தாம்பரத்தில் இருந்து போன் செய்கிற சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

கிளப் என்றால் குடிக்கிற இடம் இல்லை. ஒரு பழைய கிடங்கு. உள்ளே வரிசையாக அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷின்கள். மரப்பெட்டிக்குள் டிவி, அதன் கீழே ஒரு ஸ்டிக், ஸ்டிக்குக்கு வலப்பக்கம் பட்டன்கள். ஊரில் யாரோ தூக்கிப் போட்ட மெஷின்களை எல்லாம் சேர்த்து, பழுது பார்த்து, துடைத்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலின் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், அதை நடத்துகிறார். உறுப்பினர் ஆகிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். டோக்கன் வாங்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். என் வண்டித்தடத்தில்தான் அந்தக் கிடங்கு இருக்கிறது. ஒருநாள் கதவு திறந்திருந்தபோது உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டது. எல்லா மெஷினும் ஒன்றாகக் கத்துகிற சத்தம். அடுத்த சனிக்கிழமை போய்ச் சேர்ந்துகொண்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு, வேலைக்கும் சர்ச்சுக்கும் கடைக்கும் தவிர நானாக ஆசைப்பட்டுப் போன ஒரே இடம் அதுதான். வாரம் முழுக்க அந்த மதியத்துக்காக வண்டி ஓட்டினேன் என்றே சொல்லலாம்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. தெருவில் நடந்துகொண்டே போக வேண்டும், கும்பல் கும்பலாக ரவுடிகள் வருவார்கள், அடிக்க வேண்டும், கடைசியில் ஒரு பெரிய தடியன் வருவான். தாம்பரத்தில் நான் ஆடியதும் இதே ஜாதி விளையாட்டுதான். மெஷினில் அந்த ஆட்களுக்கு என்ன பெயர் போட்டிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மஞ்ச சட்டை, குண்டன், பரட்டை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அந்தச் சனிக்கிழமை டேனியல் என்கிற பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவன், மஞ்ச சட்டையை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். தடியன் வந்துவிட்டான். டேனியலுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். ஸ்டிக்கை அருமையாக ஆட்டுகிறான், ஆனால் பட்டன் பிந்துகிறது. தவ்வும்போது அடிக்க வேண்டும், அவன் தவ்வி இறங்கிய பிறகு அடிக்கிறான். சாகப்போகிறான் என்று தெரிந்தது. நான் பின்னால்தான் நின்றிருந்தேன். யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் போய் நின்று, அவன் கையைத் தள்ளிவிட்டு, பட்டன்மேல் என் விரல்களை வைத்தேன். நாலு அடியில் தடியன் விழுந்தான். நான் சிரித்துக்கொண்டே அவன் தோளில் ஒரு தட்டு தட்டினேன்.

டேனியல் ஸ்டிக்கை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். முகம் வெளுத்துவிட்டது. "என்ன செய்றீங்க?" என்றான்.

"ஹெல்ப்" என்றேன்.

"நான் கேட்கலையே."

"கேட்கறதுக்குள்ள செத்திருப்பியே" என்றேன். அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். அவன் நேராகக் காலினிடம் போனான்.

அடுத்த வாரம் காலின் என்னைக் கவுண்டர் பக்கம் கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். பர்சனல் ஸ்பேஸ் என்று பலமுறை சொன்னார். யாரும் கோபமாக இல்லை என்றார். டேனியல் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறான், அவனிடம் நேரில் ஒரு சாரி சொல்லிவிட்டு, அடுத்தவர் மெஷினில் இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் கமிட்டி என் உறுப்பினர் அட்டையை நிறுத்திவிடும் என்றார். "ஒரு வாரம் எடுத்துக்கங்க, லவ்" என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜெபராஜிடம் சொன்னேன். என் கணவர் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வேலைக்காகத்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். குரோம்பேட்டைக்காரர், சண்டை என்றால் தெருவைத் தாண்டிப் போய்விடுவார்.

"ஒரு சாரிதானே எஸ்தர், சொல்லிட்டுப் போயேன்" என்றார். "இங்க சாரின்னா இருமல் மாதிரி. நாம அவங்க காலை மிதிச்சா அவங்க சாரி சொல்றாங்க. வார்டுல நான் ஒரு நாளைக்கு எத்தனை சொல்றேன் தெரியுமா? ஒண்ணையாவது மனசார சொல்லியிருப்பேன்னு நினைக்கிற?"

"உங்களுக்கு இருமல். எனக்கு இல்ல."

"அந்தப் பையன் பயந்துட்டான்ல?"

"பயந்தான். பயந்ததுக்கு வேணா வருத்தப்படறேன். தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

"ஒரு கேம் மெஷினுக்குப் போய் இவ்ளோ பேஜாரா" என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு கேம் மெஷின்தான். அந்த மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் இருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. கீழே காதர் பாயின் கேம் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். உள்ளே ஐந்தாறு மெஷின், ஒரு டேபிள் ஃபேன், சுவரெல்லாம் கைப்பிசுக்கு. நான் இரும்புலியூரில் இருந்து நடந்து வந்து மாடியில் டைப் கற்றுக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்திருந்த நேரம். அங்கே வந்த பையன்களில் படிக்கிறவன், ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன், ஏர்ஃபோர்ஸ் குடியிருப்பில் இருந்து வருகிற இந்திக்காரப் பையன், எல்லோரும் இருந்தார்கள். ஒரு டோக்கனுக்கு ஓர் ஆள்தான் ஆட முடியும் என்று மெஷினைச் செய்தவன் நினைத்திருப்பான். காதர் பாய் கடையில் அப்படி யாரும் ஆடவில்லை. ஒருவன் இடது கையால் ஸ்டிக்கைப் பிடிப்பான், இன்னொருவன் வலப்பக்கம் நின்று பட்டனை அடிப்பான். ஒரே மஞ்ச சட்டை. கால் ஒருவனுடையது, கை இன்னொருவனுடையது. யார் உள்ளே நுழைந்தாலும் முதல் கேள்வி, "ஸ்டிக்கா, பட்டனா?" என்பதுதான். பெயர்கூட அப்புறம்தான். சிலர் ஸ்டிக், சிலர் பட்டன், இரண்டும் நன்றாக வருகிறவன் அபூர்வம். தெரியாத ஆளாக இருந்தாலும், பட்டன் பக்கம் காலியாக இருந்தால் போய்க் கை வைக்க வேண்டும். காலியாக இல்லாவிட்டாலும், ஆள் திணறினால் வைக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஒருமுறை புதிதாக வந்த ஒருவன், "நான் ஆடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டான். காதர் பாய், "இன்னாபா, பொண்ணு பாக்க வந்துகிறியா? கைய வை" என்றார். கடையே சிரித்தது.

என்னிடம் யாரும் ஸ்டிக்கா பட்டனா என்று கேட்கவில்லை. ஒருநாள் மாடியில் இருந்து இறங்கினேன், நல்ல மழை. ஷட்டருக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். உள்ளே நவாஸ் ஸ்டிக் பிடித்திருந்தான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவன், கடையில் அவனைப் போல் ஸ்டிக் ஆட்டுகிறவன் கிடையாது. அவனுடைய பட்டன்காரனை யாரோ கூட்டிப்போய்விட்டார்கள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நவாஸ் கத்தினான்.

"டேய், எவனாவது பட்டன் போடுங்கடா! சாவப் போறேன்!"

பக்கத்தில் நின்றது நான்தான். டைப் அடித்துவந்த விரல் இன்னும் சூடாக இருந்தது. வைத்தேன். அவன் தவ்வும்போது அடித்தேன், இறங்கும்போது அடித்தேன். ஸ்டிக் போகிற போக்கில் அவன் அடுத்து என்ன செய்வான் என்று விரலுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தடியன் விழுந்தான். நவாஸ் கையை ஓங்கிக்கொண்டு, "மச்சான், சூப்பர் கை மச்சான்!" என்று திரும்பினான். என்னைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஐயய்யோ, பொண்ணுபா!"

"பொண்ணா இருந்தா இன்னா? கை நல்லா கீதே" என்றார் காதர் பாய், வெளியே மழையைப் பார்த்தபடி.

அவ்வளவுதான். நான் கடையின் பட்டன் ஆள் ஆனேன். நவாஸ் என்னைக் கடைசிவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். மெஷின் முன்னால் நிற்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். எங்களுக்குள் வேறு எதுவும் இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். எங்கள் சர்ச்சில் ஓர் ஆன்ட்டி, தையல் மெஷினுக்கு ஊசி வாங்க அந்தச் சந்துக்கு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவைப் பிடித்தார். "உங்க பொண்ணு ஆம்பளப் பசங்களோட தோள உரசிக்கிட்டு நிக்குது, ஒரு துலுக்கப் பையன் மச்சாங்கறான்." அடுத்த நாள் மாலை அம்மா கடை வாசலில் வந்து நின்றாள். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவள் வந்து நின்றால் எந்த இடமும் வகுப்பறை ஆகிவிடும். மெஷின்கள் தவிர எல்லாம் அமைதியாகிவிட்டது.

"வாங்கம்மா, உள்ள வாங்க" என்று காதர் பாய் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.

"இது பொண்ணுங்க வர்ற இடமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. உங்க பொண்ணு ஒண்ணுதான் வருது."

"அது என்ன மச்சான்? இவ அவனுக்கு மச்சானா?"

நவாஸ் மெஷினுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினான். "ஆன்ட்டி, அது எல்லாரையும் சொல்றதுதான் ஆன்ட்டி. பாயக்கூட சொல்வேன்" என்றான்.

"என்னை எப்படா சொன்ன?" என்றார் பாய்.

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டில் அப்பா இன்னும் தெளிவாகப் பேசினார். அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போய், அவர் முன்னால், செய்தது தப்பு, இனிமேல் போகமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அத்துடன் விஷயம் முடிந்துவிடும்.

"எதுப்பா தப்பு?" என்றேன்.

"தெரியாத ஆம்பளப் பையன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறது."

"பிளஸ் டூ படிக்கறப்ப பீச் டிரெயின்ல தினமும் நின்னேனே? பல்லாவரத்துக்கு அப்புறம் மூச்சுகூட விட முடியல. அதுக்கு யாரும் என்னை சாரி சொல்லச் சொல்லலையே?"

வாதம் தன் பக்கம் வராவிட்டால் அப்பா செய்தித்தாளை எடுப்பார். எடுத்தார். நான் அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போகவில்லை. என்னைக் குரோம்பேட்டையில் வேறு ஒரு டைப் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப எப்படியும் தாம்பரத்தில், கடைக்குப் பக்கத்தில்தான் இறங்க வேண்டும் என்பதை எப்படி யோசிக்காமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. யோசித்துத்தான் விட்டார்களோ என்னவோ, அம்மா அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

அந்தக் கடை இப்போது இல்லை. போலீஸ் அடிக்கடி வந்து, சூதாட்டம் நடக்கிறதா என்று மெஷினைத் திறந்து பார்க்கும். அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள் மனுக் கொடுத்தார்கள். உருப்படாதவன் போகிற இடம் என்று பெயர். காதர் பாய் அலுத்துப்போய் ஷட்டரை இறக்கிவிட்டு, அதே இடத்தில் செருப்புக் கடை வைத்தார். இன்றைக்கு அதே பெற்றோர்களின் பிள்ளைகள் வாட்ஸப்பில் பழைய கேம் மெஷின் படத்தைப் போட்டு, பக்கத்தில் இதயம் போட்டு, அது ஒரு பொற்காலம் என்று எழுதுகிறார்கள். எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சம் இல்லை. கடை திறந்திருந்தபோது உங்கள் வீட்டில் யாராவது அதற்காக ஒரு வார்த்தை பேசினீர்களா? அங்கே போனதற்காக அடி வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும். படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததே இல்லை.

காலின் கொடுத்த வாரத்தில் ஒருநாள் நவாஸுக்குப் போன் செய்தேன். அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு இப்போது எங்கள் இரும்புலியூரிலேயே. நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"அங்க போயுமா கேக்காம கை வெச்ச? அதுவும் வெள்ளக்காரன் மெஷின்ல? மச்சான், நீ திருந்தவே மாட்ட."

"சாரி கேக்கறாங்கடா."

"சொல்லிடேன்."

இதை அவனிடம் இருந்து நான் எதிர்பார்க்கவில்லை. "நீயுமாடா?" என்றேன்.

அவன் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அது ஓய்ந்ததும் சொன்னான். "கோச்சிக்காத. ஒண்ணு சொல்றேன். பல நாள் எனக்குத் தனியா ஆடணும்னு இருந்திச்சி. நானே ஸ்டிக்கும் பட்டனும் புடிச்சி, எதுவரிக்கும் போவேன்னு பாக்கணும்னு. ஒரு தபாகூட பாத்ததில்ல. எவனாவது வந்து கை வெச்சிடுவான். இல்லாங்காட்டி நீ வெச்சிடுவ."

"சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னான்னு சொல்றது? 'கைய எடு'ன்னா? அந்தக் கடையில அப்டி சொன்னவன் கீறானா? அடுத்த நாள் உள்ள வர முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தக் கோபத்தோடுதான் வண்டி ஓட்டினேன். அவனுக்கு இடம் கொடுக்காத கடை, எனக்கு இடம் கொடுத்த கடை. இரண்டும் ஒரே ஷட்டர்தான். கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் இருந்திருந்தால், அன்றைக்கு மழைக்கு ஒதுங்கிய நான் கேட்டிருக்கவே மாட்டேன். பதினெட்டு வயதுப் பெண் பிள்ளை, ஒரு கடை நிறையப் பையன்களைப் பார்த்து, நானும் ஆடலாமா என்று எப்படிக் கேட்பாள்? கேட்டிருந்தால் அவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மரியாதையாகவே சொல்லியிருப்பார்கள். கேட்காமல் வைத்ததால்தான் என் கை நல்ல கை என்று தெரிந்தது, அவர்களுக்கும் எனக்கும். நவாஸுக்கு அதில் கொஞ்சம் நஷ்டம். அது உண்மைதான், அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் நான் போய்த் தப்பு என்று சொன்னால், எதைத் தப்பு என்கிறேன்? அன்று அப்பாவும் அந்த ஆன்ட்டியும் கேட்ட வார்த்தையைத்தான் இன்று காலின் கேட்கிறார். அவர்களுக்குச் சொல்லாததை டீ கொடுத்தார் என்பதற்காக இவருக்குச் சொல்ல வேண்டுமா?

சனிக்கிழமை போனேன். கவுண்டர் பக்கத்தில் காலினும் டேனியலும் உட்கார்ந்திருந்தார்கள். டேனியல் எழுந்து நின்றான். நல்ல வளர்ப்பு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னேன். உன்னைப் பயமுறுத்த வரவில்லை, நீ பயந்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என் ஊரில் ஓர் ஆள் சாகும்போது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பதுதான் மரியாதைக்கேடு, அதனால் கை வைத்தது தப்பு என்று சொல்லமாட்டேன்.

டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அந்த இடத்தை நான் அதுவரை தாண்டினதே இல்லை" என்றான். "பல வாரமா முயற்சி செஞ்சேன். நானே தாண்டணும்னு இருந்தது. நீங்க தாண்டிட்டீங்க."

நவாஸ் சொன்னதையே இவன் வேறு மொழியில் சொல்கிறான். அந்தக் கணம் கொஞ்சம் ஆடிப்போனேன். "நானும் நீயும் சேர்ந்து தாண்டினோம்" என்றேன். "ஸ்டிக் உன்னுடையது. அந்த ஸ்டிக் மாதிரி நான் ஒரே ஒருவனிடம்தான் பார்த்திருக்கிறேன்."

"ஆனா நான் இல்லையே தாண்டினது" என்றான் அவன். பிடிவாதத்தில் அவன் எனக்குக் குறைந்தவன் இல்லை. பிடிவாதக்காரர்களை எனக்குப் பிடிக்கும். வேறு இடமாக இருந்திருந்தால் இவனோடு நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

காலின்தான் நடுவில் வந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது, முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கிளப் திறப்பதற்கு முன்னால், சனிக்கிழமை காலையில், அவர் எப்படியும் மெஷின்களைத் துடைக்க வருகிறார். நான் அப்போது வரலாம். முழுக் கிடங்கும் எனக்கே. எந்த மெஷினில் வேண்டுமானாலும் ஆடலாம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், நானும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது. சாரிகூட வேண்டாம்.

அந்த மனிதர் எனக்கு ஒரு பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தார். அவரிடம் இருந்த மிக நல்ல பொருளை எடுத்து நீட்டுகிறார். அத்தனை மெஷினும் ஓடுகிற ஒரு கிடங்கில் நான் மட்டும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாம் காலின்" என்றேன்.

"ஏன்? தனியா ஆடப் பிடிக்காதா?"

"எனக்குத் தனியா ஆடத் தெரியாது."

அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். "பழகினா வந்துடும், லவ்" என்றார், ஆறுதலாக. நான் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நல்ல வெயில் அடித்தது. இந்த ஊரில் அது அபூர்வம். அழுகை வந்தது என்று எழுதினால் பொய். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று நவாஸ் கூப்பிட்டான். நான் போனை வைத்ததைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டான், சொன்னேன்.

"சாரி சொல்லல?"

"சொல்லல."

"கிளப்பு போச்சு?"

"போச்சு."

"அப்ப சனிக்கெயம இன்னா பண்ணுவ?"

"தெரியலடா. துணி துவைப்பேன்."

"எம்பொண்ணு ஏதோ சொல்லுது. கம்ப்யூட்டர்ல ரெண்டு வூட்ல இருந்து ஒரே ஆள வெச்சி ஆடலாமாம். கேக்காம கை வெக்கிற பழக்கம் உனக்கு. நான் கேட்டுத்தான் ஆவணும். வர்றியா?"

தனியாக ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவன் கேட்கிறான். நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மகள் ரிஸ்வானா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வீடியோ காலில் என் கணினித் திரைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, என்னைக் கொண்டே எல்லாவற்றையும் போட வைத்தாள். விளையாட்டு இரும்புலியூரில் அவர்கள் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஸ்டிக் அங்கே, நவாஸின் இடது கையில். பட்டன் இங்கே, என் சமையலறை மேசையில். "ஆன்ட்டி, நீங்க அழுத்தறது இங்க வந்து சேர கொஞ்சம் லேட் ஆகும், பரவால்லயா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். ஜெபராஜ் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு நீ சாரியே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது சனிக்கிழமை மதியம் எனக்கு, அவனுக்கு மாலை. எங்கள் ஆட்டம் கேவலமாக இருக்கிறது. முதல் தெருவைக்கூட இன்னும் தாண்டவில்லை. மஞ்ச சட்டை, ரவுடியின் முன்னால் போய் நிற்கிறான், நவாஸ் நிறுத்துகிற அதே அழகோடு, நூலிழை பிசகாமல். நான் அழுத்திவிடுகிறேன். மஞ்ச சட்டை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ரவுடி அடிக்கிறான், மஞ்ச சட்டை விழுகிறான், எழுகிறான். ரவுடி நகர்ந்துபோன வெற்றிடத்தில், யாருமே இல்லாத தெருவைப் பார்த்து, பலமாக ஒரு குத்து விடுகிறான். அது நான் அப்போது அடித்த அடி.

"மச்சான், அட்ச்சியா இல்லியா?" என்று கத்துகிறான் நவாஸ்.

"அப்பவே அட்ச்சிட்டேன்டா. வந்துகினு கீது."